ஸ்டெல்லாவின் நெருப்பைப் பாதியாக்கிய ஞாயிறு

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. முதலில் பட்டியல்:

1. அஸ்தினாபுரம் பிரௌசிங் சென்டரில் நாங்கள் ஆடிய ஆட்டம்.
2. அதில் மந்திரவாதிகளுக்குப் பலம் அளவுக்கு மீறி இருந்தது.
3. நான் அதைக் குறைத்தது.
4. பிறகு நடந்தது.

சூடேறிய கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக் வாசனை, வாசலில் ஈரச் செருப்புகள்... ஞாயிறு மதியம் என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

எட்டு கம்ப்யூட்டர்களை இணைத்து ஒரு கற்பனை அரங்கில் இருவர் இருவராக மோதுவோம். ஜெயித்தவர் அடுத்தவரோடு தொடர்ந்து ஆடுவார். வாள்வீரன் கிட்டே போய் வெட்ட வேண்டும். மந்திரவாதி எட்ட நின்று நெருப்பு வீசலாம். ஆனால் இரண்டு வெட்டு தாங்கமாட்டான்.

நான் அப்போது கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியன். ஆட வராது. அதனால் முடிவுகளை நோட்டில் குறிக்கும் வேலை என்னுடையது. எந்த ஆயுதம் எவ்வளவு காயப்படுத்தும் என்பதை மாற்றும் பாஸ்வேர்டும் என்னிடம்தான். நோட்டில் ஆடியவர் பெயரை எழுதமாட்டேன். பெயர் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயுமோ என்ற பயம். வீரனா, மந்திரவாதியா, எது வென்றது... அவ்வளவுதான்.

பக்கத்துக்குப் பக்கம் மந்திரவாதி வென்றிருந்தான்.

ஒரு ஞாயிறு, டயர் கடை துரை எழுந்து நின்றுவிட்டார். எப்போதும் வாள்தான் அவருக்கு.

"இன்னா சார் இது? கிட்ட போறதுக்குள்ள கொளுத்திடுறாங்க. ஒரே பேஜாரா கீது. இப்பவே கொறைங்க. இல்ல, நாங்க நாலு பேரும் கெளம்புறோம்."

நாலு பேர் போனால் ஆட்டமே நின்றுவிடும்.

எப்போதும் மந்திரவாதியாக ஆடும் ஸ்டெல்லா டீச்சர் ஹெட்போனைக் கழற்றினார். "மந்திரம் ஜெயிக்குதா சார், நான் ஜெயிக்கிறேனா? என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"மந்திரம்தான் ஜெயிக்குதுன்னு நோட்டு சொல்லுது, மேடம்." நோட்டைப் பார்த்தபடியே சொன்னேன். நெருப்பின் காயத்தைப் பாதியாக்கினேன். எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

அடுத்து வந்த பாஷா சாரும் மந்திரவாதிதான். துரையின் இரண்டே வெட்டில் விழுந்தார். "நான் முன்னாடியும் ஜெயிச்சதில்ல சார்," என்றார் பாவமாக. "இப்ப நிக்கவே முடியல."

அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கடைசியாக ஸ்டெல்லாவும் துரையும். ஸ்டெல்லா முதல்முறையாக வாளை எடுத்தார். துரை பாய்ந்தார், ஸ்டெல்லா விலகினார். மறுபடி பாய்ந்தார், மறுபடி விலகல். நெருப்போடு ஆடும்போது விலகும் அதே விலகல்... துரையின் வாள் காற்றை வெட்டிய ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லாவின் ஒரு வெட்டு விழுந்தது. துரை ஜெயிக்கட்டும் என்று வேண்டினேன், என் கணக்குக்காக.

துரை விழுந்தார். விழுந்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, கத்தியும் வெச்சிருந்தியா நீ!"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டார். "அடுத்த வாரம் கத்தியையும் பாதியாக்கிடுங்க சார்."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

இப்போது என் போனில் இதே மாதிரி ஓர் ஆட்டம் இருக்கிறது. அவ்வப்போது அறிவிப்பு வரும்: இந்த மந்திரத்தின் பலம் குறைக்கப்பட்டது. யார் குறைத்தார்கள் என்று தெரியாது. கோபித்துக்கொள்ள ஒரு முகம்கூட இல்லை. அன்று முகம் இரண்டடி தூரத்தில் இருந்தது. நான்தான் நிமிரவில்லை.

பட்டியலை மறுபடி படித்தேன். இரண்டாவதாக எழுதியது தவறு. எங்கள் மந்திரவாதிகளில் ஜெயித்தவர் ஒரே ஒருவர். பெயர் எழுதியிருந்தால், பக்கத்துக்குப் பக்கம் ஸ்டெல்லா என்றே இருந்திருக்கும்.