சோங்கிங்கிலிருந்து எழுபது நாள்

நஞ்சுண்டன் சோங்கிங் போனதே இல்லை. ஆனாலும் தான் குடியிருக்கும் பேர்லேண்டில் அடுத்த தெருவின் பெயரைக் கேட்டால் விழிப்பவர், அந்தச் சீன ஊரில் நேற்று பனிமூட்டம் எத்தனை மணிக்கு விலகியது என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார். ஹூஸ்டனில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் பதின்மூன்று வருடமாக அவருக்கு ஒரே வேலைதான். சோங்கிங்கில் வார்க்கும் பம்ப் பாகங்கள் சொன்ன நாளில் இங்கே வந்து சேர வேண்டும்.

சும்மா வந்துவிடுமா? மலைமேல் அடுக்கடுக்காக ஏறிய ஊர் அது. அடியில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. கார், மோட்டார் சைக்கிள், லேப்டாப் என்று செய்து தள்ளுகிறார்கள், கடலோ எங்கேயோ கிடக்கிறது. சரக்கு யாங்சி ஆற்றோடு இறங்கி, நடுவில் பெரிய அணையின் கதவுகளுக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசையில் நின்று, ஷாங்காய் போய்க் கப்பலேற வேண்டும். குளிர்காலத்தில் மூட்டம் இறங்கினால் படகு நகராது. நஞ்சுண்டனுக்குச் சோறு இறங்காது.

இதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முகூர்த்தம் ஒன்பதுக்கு என்றால் சொந்தக்காரர்களுக்கு ஏழரை என்று சொல்வோமே, அதற்குத் தலைகீழ். ஐம்பத்திரண்டு நாளில் வரும் சரக்குக்கு எழுபது நாள் என்று எழுதிவிடுவார். சரக்கு எப்போதும் முன்னாலேயே வந்தது. அவருக்கும் நல்ல பெயர். அதனால் யார் குடி கெட்டது என்று நிம்மதியாக இருந்தார்.

மார்ச் மாதம் மேனேஜர் அனந்தராமன் கூப்பிட்டார். சென்னைக்காரர், வயதில் பத்து இளையவர்.

"சார், சோங்கிங் பத்தி ரெண்டு பக்கம் ப்ரொஃபைல் வேணும். போர்ட், எகானமி, சரக்கு வந்துசேர்ற லீட் டைம் எல்லாம். அந்த ஊரை கன்டின்யூ பண்றதா, மெக்ஸிகோக்கு மூவ் பண்றதான்னு டிசைட் பண்ணப் போறாங்க."

நஞ்சுண்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். எழுபது நாள் என்று பார்த்தால் எவன் அந்த ஊரை வைத்துக்கொள்வான்? ஊர் போனால் அவர் நாற்காலியும் போகும். கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடமாக நிற்கிறார். வேலை போனால் விசாவும் போய்விடும். ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஊரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதி, பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஐம்பத்திரண்டு என்று போட்டார்.

அனந்தராமன் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்போ இந்தப் பதினெட்டு நாள்?"

"நான் சேர்த்ததுங்க. லேட்டாயிருமோன்னு பயம்."

திட்டுவார் என்று காத்திருந்தார். அவர் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நஞ்சுண்டனுக்கு.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. "ஊர் ஸேஃப் சார், உங்க நம்பர்தான் காப்பாத்துச்சு," என்ற அனந்தராமன் மேற்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா, கரெக்ட் நம்பர் கையில இருந்தா சாஃப்ட்வேரே ப்ளான் பண்ணிடும்னு சொல்லிட்டாங்க. உங்க பொசிஷனை எடுக்கறாங்க. ஸாரி சார்."

கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது, பதின்மூன்று வருட அலுப்பும் மொத்தமாக. பார்க்கிங்கில் காருக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஃப்ரீவேயில் ஏறினார்.

வீட்டில் நாகமணி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வேற வேல தேட எத்தன நாள் குடுப்பாங்க?"

"அறுபது நாள். கிடைக்கலீன்னா இந்தியாவுக்கே கிளம்பிரோணும்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஏனுங்க, நீங்க எப்பவும் பதினெட்டு நாள் சேர்த்தித்தான சொல்லுவீங்க. அப்ப நெசத்துல நாப்பத்திரண்டுதானுங்களா?"

"இல்ல நாகு," என்றார் நஞ்சுண்டன். "இதுல நான் ஒண்ணுமே சேர்த்தல."