மலையில் சொல்லக் கூடாதவை

சென்ற ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா மகள் ஒரு பழைய கலண்டர் தாளை மேசையில் விரித்தாள். சித்திரை வருஷப் பிறப்புக்காக வீட்டைத் துடைக்கையில், அத்தானின் படத்தைக் கழற்றியிருக்கிறாள். படத்துக்குப் பின்னால் இது நாலாக மடிந்து கிடந்ததாம். தாளின் முதுகில் அத்தானின் கையெழுத்து. இருபத்தொரு வருஷமாகியும் அதில் புகை வாசனை போகவில்லை என்று எனக்குப் பட்டது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகைக்கூட்டின் வாசலில் குந்தியிருந்து அவர் அதை எழுதியபோது, பக்கத்தில் நானும் இருந்தேன்.

அவள் தன்னோடு படிப்பிக்கும் டீச்சர்மாரோடு சிவனொளிபாத மலைக்குப் போகிறாளாம். இரத்தினபுரிப் பக்கத்து வழியாக, வெசாக் பௌர்ணமியோடு மலைப் பருவம் முடிவதற்கு முன்னால். "அப்பா எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காரு மாமா. இதையே பார்த்துப் போயிடலாம்ல?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

அத்தான் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக் கங்காணி. கேகாலைப் பக்கத்து ரப்பர் மலைகளில் அவர் கால் படாத இடமில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. பிள்ளை பிறந்தால் ஏழு வருஷம் விடாமல் மலை ஏறுவதாக நேர்ந்துகொண்டார். இவள் பிறந்தாள். அன்றிலிருந்து தை பிறந்தாலே அவர் பேச்செல்லாம் மலையைப் பற்றித்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, கூட்டத்துக்குத் தானே தலைமை தாங்குவார். அப்படிக் கூட்டிப்போகிற தலைவரைச் சிங்களச் சனங்கள் நடே குரா என்பார்கள். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், மேலே காற்றுக்குக் கம்பளிக் குல்லா, மழைக்குப் பொலித்தீன், தேங்காய் ரொட்டி, கட்ட சம்பல், கற்பூரம், ஊசி, நூல் என்று ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பென்று பேர் போட்டிருந்தார். சித்திரையில் பகல் சாய்ந்தால் இடி விழும். உச்சியில் ஒண்டுவதற்கு மரமில்லை, பிடித்து ஏறுவது இரும்புக் கம்பி. அதனால் முதல் நாள் உச்சிக்குக் கீழே உள்ள ஹெரமிட்டிப்பான மடத்தில் தங்கி, மறுநாள் விடிந்ததும் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டுமென்று எழுதியிருந்தார். உச்சியில் பனி கண்ணை மறைக்கும்போது யார் யாருடைய தோளைப் பிடிக்க வேண்டுமென்றுகூட எழுதியிருந்தார். கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்: 'முடியல, வலிக்குது, இன்னும் எவ்வளவு தூரம் – இந்த மூணும் மலையில் யாரும் பேசக் கூடாது. கேட்கவும் கூடாது.'

இது அவர் கண்டுபிடித்ததல்ல. மலைக்குப் போகிற தமிழரும் சிங்களவரும் கடைப்பிடிக்கிற வழக்கம். அலுத்துக்கொண்டால் மலை வளர்ந்துவிடும் என்பார்கள். இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து 'கருணாவய்', கருணை கிடைக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். நாமும் அதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய் தவறியவனை அத்தான் வருஷம் முழுக்கக் கிண்டல் செய்வார். முதல் தடவை போனபோது கால் பிடித்துக்கொண்டு நான் "ஐயோ" என்றுவிட்டேன். அடுத்த வருஷம் வரைக்கும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் என்னைக் கண்டதும், "என்னா மச்சான், மலை வளந்திருச்சா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஏழாவது வருஷம் எல்லாம் திட்டப்படிதான் நடந்தது. இன்று நினைத்தாலும் அதுதான் எனக்கு எரிச்சல். மழையில்லை, யாரும் வழுக்கவில்லை, ரொட்டிகூட மிஞ்சியது. காலையில் செங்குத்தான கடைசி ஏற்றத்தில் அத்தான் எனக்கு முன்னால் போனார். மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு தடவையும் தோள் பையை இறக்கி, அவிழாத முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். குளிரில் எங்களுக்கெல்லாம் பல் கிட்டித்துப் போயிருக்க, அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. இடது கையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சைத் தேய்த்தார். நான் பார்த்தேன். மூன்று தடவையும் பார்த்தேன். 'என்னாங்க அத்தான், வலிக்குதா?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. முழு வருஷமும் பட்ட கிண்டல் நினைவுக்கு வந்து, அதை விழுங்கினேன்.

உச்சியில், எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை மணி அடிக்க வேண்டும். அத்தான் ஆறு தடவை இழுத்தார். கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். "கங்காணி, ஒண்ணு கொறையுதுங்க!" என்று யாரோ கத்த, அவர் சிரித்தபடி கையை மட்டும் ஆட்டினார். நேர்த்தி குறைபட்டுவிடக் கூடாதென்று நான் கயிற்றைப் பிடித்தேன். எனக்கு அது மூன்றாவது ஏற்றம். அத்தான் விட்ட ஒன்றையும் சேர்த்து நான்கு தடவை அடித்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. ஆறே அடியோடு நின்ற மனிதரை உட்காரவைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஹெரமிட்டிப்பானவுக்கு இறங்கி வந்ததும், மடத்துச் சுவரில் சாய்ந்து தேத்தண்ணி கேட்டார். கோப்பையை நீட்டியபோது வாங்கவில்லை, சுவரோடு சரிந்துவிட்டார். பெட்சீட்டில் போட்டு நாங்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரம் வருவதற்கு வெகுநேரம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதும்கூட எங்களில் ஒருவரும் எவ்வளவு தூரமென்று கேட்கவில்லை.

அன்று அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: "ஒரு நொடிதான் அக்கா. வலியே தெரியாமப் போயிட்டாரு." அதைச் சொல்லித்தான் அவள் அழுகையை நிறுத்தினேன். மூத்தவர்கள் நல்ல சாவு என்றார்கள், மலையே கூப்பிட்டுக்கொண்டது என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. கேட்டிருந்தால் அவர் இறங்கியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மகளுக்காக நேர்ந்துகொண்டதில் கடைசி வருஷம். ஒருவேளை என்னைத் திட்டிவிட்டு ஏறியிருப்பார். ஆனால் நான் கேட்கவில்லை. அந்தக் குற்றம் இன்றும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்து நிற்கிறது.

அக்கா மகள் தாளை வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். போனில் மழை பார்த்தாயிற்று, வேனுக்கு ஆள் சொல்லியாயிற்று என்று இடையிடையே சொன்னாள். கூட வருகிற ஒரு டீச்சருக்கு மூச்சிழுப்பு உண்டாம். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"மாமா, அன்னைக்கு அப்பாவுக்கு மேலயே வலிச்சுச்சா?"

அவளுக்காக நேர்ந்த நேர்த்தி என்பதனால்தான் இத்தனை காலம் அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். பாதிதான் உண்மை. மீதி, பயம். ஆனால் அவள் இதே தாளைப் பார்த்து ஏறப்போகிறாள். கூட ஒருத்தி மூச்சிழுப்போடு வருகிறாள்.

"வலிச்சுச்சும்மா. ஏறும்போதே. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்ப ஏன் மாமா கேக்கல?"

நான் அந்தக் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கொப்பிக்குள் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அத்தான் இரண்டு தடவை கோடிட்ட வரியின்மேல் நான் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். தாள் மக்கிப் போயிருந்ததால் அந்த இடத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். குசினி வாசலில் அக்கா இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டிலும் ஆவி போய், மேலே ஆடை படிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று நான் கேட்கவில்லை.