மீசைக்கார அம்பயர்

எங்கள் கரையில் கருவாடு போடும் ஜெயரூபினி அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. விலை பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கிரிக்கெட் காட் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கையில் இருக்கிற மீனை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இங்கே கரண்டும் இல்லை, ரீவியும் இல்லை. எப்போதாவது கடைக்கு வரும் சூயிங்கத்துக்குள் ஒரு வீரரின் படம் போட்ட சின்ன அட்டை இருக்கும்; அதுதான் காட். யார் எத்தனை ஓட்டம் அடித்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே முகத்தைப் பார்த்துத்தான் மதிப்பு. மீசை இருந்தால் பெரிய ஆள். ஹெல்மெட் போட்டவனுக்கு முகம் தெரியாது, அதனால் பாதி மதிப்புத்தான். உலகத்தையே அடித்து நொறுக்கியவர்கள் எல்லாம் எங்கள் முல்லைத்தீவில் அரை ஆளாகப் போயிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

எல்லோருக்கும் மேலே ஒருவர் இருந்தார்: அம்பயர். வெள்ளைத் தொப்பி, அடர்ந்த மீசை, ஒரு விரல் மேலே. இவர் விரலைத் தூக்கினால் மற்றவன் மைதானத்தை விட்டே போகவேண்டுமாம். அப்படியென்றால் இவர்தானே தலைவர்! ஓர் அம்பயர் காட்டை மாற்றப் பத்து வீரர் காட் கொடுக்கவேண்டும். ஊரிலேயே அந்தக் காட் ஒன்றுதான், அதுவும் அக்காவிடம். பிறகு பக்கத்து வீட்டு மதுசன் அதை விளையாட்டில் வென்றுவிட்டார். மற்றக் காட்டுகளைச் சுனாமி கொண்டுபோனது.

மதுசன் அண்ணை இப்போது உடையார்கட்டில் இருக்கிறார். கருவாடு ஏற்ற லொறியோடு வருவார். போன சனிக்கிழமை ஏதோ கணக்குத் துண்டு எடுக்கப் பேர்ஸைத் திறந்தார்; உள்ளே ஒரு மீசை தெரிந்தது.

"டேய், நில்லு! அது ஆர்?" என்று அக்கா கத்தினார்.

"ஆர் எண்டால்... அம்பயர்தான்."

"எப்பிடியடா தப்பினவர்?"

"பிறப்புப் பத்திரம் வைச்ச பைக்குள்ள வைச்சனான். கடல் வரேக்கையும் அந்தப் பையோடதான் ஓடினனாங்கள், பிறகு இடம்பெயரேக்கையும் அதுதான். மனுசன் முகாமெல்லாம் பாத்திட்டார்."

"தா இஞ்ச."

"பத்துப் பேரைக் கொண்டு வா, தாறன்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. அவரிடம் ஒரு காட்கூட இல்லை. நான் வீட்டுக்கு ஓடினேன். என்னிடம் கொஞ்சம் கிடந்தன. எனக்கு அதெல்லாம் அலுத்து எவ்வளவோ காலம். சும்மா அலுமாரிக்குள், துணியில் சுற்றி, நாடு நாடாகப் பிரித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். நல்ல பத்தை எடுத்து வந்தேன்.

மதுசன் அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதில முக்கால்வாசி ஹெல்மெட்."

"அண்ணை, இவன் இப்ப உலகத்திலயே முதலாவது ஆள்!"

"மீசை எங்க?"

கருவாட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய், பேனையால் அவனுக்கு ஒரு மீசை வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். அண்ணை பெருவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். மீசை காதுவரை போனது.

"உனக்கே இன்னும் வடிவா முளைக்கேல்லை, அதுக்குள்ள கள்ள மீசை விக்கிறியோ!"

அக்கா சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, "சரி, அடிச்சுப் பாப்பம்," என்றார்.

விளையாட்டு இதுதான்: பலகையில் காட்டைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் உள்ளங்கையைக் குவித்து அடிக்கவேண்டும். அந்தக் காற்றில் காட் நிமிர்ந்தால் அடித்தவருக்கு. அக்கா ஒரே அடியில் அம்பயரை நிமிர்த்தினால் அவர் அக்காவுக்கு. நிமிராவிட்டால் என்னுடைய பத்தும் மதுசன் அண்ணைக்கு.

"டிலக்ஸன், உன்ர பத்தையும் வைக்கட்டோ?" என்று அக்கா என்னைப் பார்த்தார்.

"வையுங்கோ, எனக்கென்ன," என்றேன். கைமட்டும் பத்தையும் இன்னொருமுறை எண்ணியது.

அக்கா கையைச் சட்டையில் துடைத்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கத்தியோடு வந்து சுற்றி நின்றார்கள்.

சடார்!

பந்தலில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. அம்பயர் மேலே கிளம்பி, விளிம்பில் ஒருகணம் நின்று, யோசித்து, மல்லாக்க விழுந்தார். விரல் மேலே!

"அவுட்! அண்ணை அவுட்!" நான் துள்ளிய துள்ளலில் செருப்பு எங்கே போனதோ தெரியாது.

அக்கா காட்டை உப்புப் படாமல் ஓரத்தில் பிடித்துத் தூக்கி நெடுநேரம் பார்த்தார். மதுசன் அண்ணை லொறிப் பக்கம் திரும்பினார்.

"எங்கயடா போறாய்?" என்றார் அக்கா. அம்பயரைத் திரும்பவும் பலகையில் கவிழ்த்து வைத்தார். "உன்ர முறை. அடி."

"அக்கா, உங்களுக்கு விசரோ!" என்று கத்தினேன்.

"நீ வாயைப் பொத்தடா."

மதுசன் அண்ணை ஏற்கெனவே முழங்காலில் நின்று சேட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.