பெயின்டுக்கு முன்னால், பெயின்டுக்குப் பின்னால்

திருடன் வந்தானா என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டால், ஆமாம், வேலைதான். மாதச் சம்பளம் உண்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை உண்டு, மழைக்கு ஒரு கோட்டுகூட உண்டு. சர்வே அக்கா அந்த வேலையில் பல வருஷம் காலம் தள்ளியவள். டயர் கடைக்கு மேலே, ரப்பர் நாற்றம் ஏறி வருகிற மாடியில் அவள் ஆபீஸ். குற்றங்களைப் பற்றி ஆராய்கிற நிலையம் அது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்திருப்பதை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஊரில் எவ்வளவு திருட்டு என்று தெரியாது. பாதிப் பேர் ஸ்டேஷன் படியை மிதிப்பதே இல்லை. அதனால் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் வீடுகளைப் பொறுக்கி, கதவைத் தட்டி, "போன வருஷம் உங்க வீட்ல எதாவது காணாம போச்சா?" என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும்.

"ஏன், இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு பார்த்துட்டுப் போகவா?" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அக்கா அசர மாட்டாள். சாத்திய கதவைத் திறக்கவைக்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கைவந்த கலை.

அவளிடம் இருந்த ஒரே குறை, இரக்கம். யாராவது செருப்புப் போச்சு என்றால் போதும், "ஐயோ பாவமே! புதுச் செருப்பா? அப்புறம்?" என்று உருகிவிடுவாள். இப்படி ஒரு ஆள் கேட்கக் கிடைத்தால் ஜனங்கள் விடுவார்களா? மாமனார் தொலைத்த கடிகாரம், பக்கத்து வீட்டுக்காரி தொலைத்த வாளி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார்கள். மற்றவர்கள் கொண்டுவருகிற கணக்கைப்போல ரெண்டு மடங்கு திருட்டு அவள் போகிற தெருக்களில் மட்டும் நடந்தது. ஆபீஸ் மேடம் ஒருநாள் கூப்பிட்டு, "ஏம்மா, அந்தப் பக்கம் திருடனுங்க மாநாடு எதாவது நடத்துறாங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கட்டுப்படுத்தப் பழகினாள். இந்த விஷயத்தில் அவளுக்குக் குரு, கூட வேலை செய்கிற கல்லுமூஞ்சி. பெயர் வைத்தது ஆபீஸ்காரர்கள். அந்தப் பெண் அதையும் ஒரு சலனமும் இல்லாமல்தான் ஏற்றுக்கொண்டாள். வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னாலும், "சரி, அடுத்தது" என்பாள்.

அக்காவுக்கு ஒரு தம்பி. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. மீசை முளைத்த வயதில் கூடாத சேர்க்கை சேர்ந்து, ரெண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய், ஜெயிலுக்கும் போய்விட்டு வந்தான். வெளியே வந்தவனை அக்காதான் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக், வாயைத் திறந்தால் கிண்டல்தான். "வாடா மாப்ளே, இனிமே என் டூல்ஸ் பையைத் தூக்குறதுதான் உனக்குத் தண்டனை" என்று சிரித்தபடி சேர்த்துக்கொண்டார். அக்கா வீட்டு விலாசம் இருந்ததால் ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி போடுகிற வேலையும் கிடைத்தது. விலாசம் இல்லாதவனை அங்கே சேர்க்க மாட்டார்கள்.

அவன் வந்து சேர்ந்த அதே வாரம்தான் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குப் பெயின்ட் அடித்து முடித்தார்கள். என்ன நிறம் என்று பெரிய ரகளை. வெளிர் மஞ்சளா, பழைய சாம்பலேயா என்று படிக்கட்டில் நின்று கத்திக்கொள்வதைவிடப் போனில் கத்திக்கொள்ளலாமே என்று, சங்கத்துச் செயலாளராக இருந்த கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். மனுஷன் நல்லவர், கொஞ்சம் படபடப்பு. மஞ்சள் ஜெயித்தது, பெயின்ட் காய்ந்தது, சண்டை ஓய்ந்தது, குரூப் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஓய்ந்துபோன குரூப்புக்குத் தீனி வேண்டாமா? "மாடியில் காயப்போட்ட போர்வை காணோம்" என்று ஒரு வீட்டம்மா போட்டாள். அதன் கீழே வரிசையாகச் சோக முகங்கள். அடுத்த வாரம் சைக்கிள் பெல். அப்புறம் செடித்தொட்டி, செருப்பு, ஷூ, தண்ணீர் மோட்டார் அறைப் பூட்டு. எல்லோரும் கூடிச் சொன்னது ஒன்றுதான்: அந்தப் பையன் வந்ததிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஒரு பொருளை வெளியே வைக்க முடியவில்லை.

ஊர் சொல்வது இருக்கட்டும். அக்காவே அவனை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். பூட்டு காணாமல் போன அன்று தம்பிக்கு லீவு. அது அவள் மண்டையில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. அவன் லாண்டரியில் வியர்த்துக்கொண்டிருந்த நாட்களிலும் பொருள்கள் போயின. அதெல்லாம் அவள் நினைவில் ஒட்டவே இல்லை. அவன் போனைப் பொத்திக்கொண்டு பேசினால் சந்தேகம். சீக்கிரம் எழுந்தால் சந்தேகம், தூங்கினால் அதைவிடச் சந்தேகம். முதலில் முடிவு கட்டிக்கொண்டு பிறகு அதற்கேற்றதை மட்டும் பொறுக்காதே என்று மேடம் ஒருநாள் முழுக்கத் தொண்டை வறள வகுப்பெடுத்திருக்கிறார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள்தான். சொந்த வீட்டு விஷயம் என்றால் படித்ததெல்லாம் எங்கேதான் போய்த் தொலைகிறதோ!

பெயின்ட் அடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடிக்கடைக்காரர் வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. தம்பி வந்த பிறகுதான் இதெல்லாம் ஆரம்பிச்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை மாடியில கூட்டம் போட்டிருக்கு. அதுக்குள்ள அவரை வேற எங்கயாவது தங்க வெச்சுட்டீங்கன்னா நல்லது. கூட்டத்துல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, உங்களுக்குத்தான் சங்கடம்."

வேறு எங்கே தங்க வைப்பது? இந்த விலாசம் போனால் லாண்டரி வேலை போகும். வேலை போனால் பழைய கூட்டாளிகள் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். என் தம்பி எடுக்க மாட்டான் என்றாவது சொல்லியிருக்கலாம். அக்கா, "பார்க்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்லுமூஞ்சியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"அவர் வர்றதுக்கு முன்னாடி என்னென்னக்கா காணாம போச்சு?"

"முன்னாடியா? ஒண்ணும் போகலையே."

"யார் கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. ஊரெல்லாம் போய்க் கேட்டவள், தன் கட்டடத்தில் ஒரு கதவைத் தட்டியதில்லை. தட்டவும் கூடாது, தெரிந்தவர்கள் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் வேலையில் முதல் விதி. முன்பு போர்வை காணாமல் போனால் அந்த வீட்டுக்காரி ரெண்டு நாள் புலம்பிவிட்டு வேறு போர்வை வாங்கிக்கொள்வாள். போய்ச் சொல்வதற்கு ஓர் இடம் இல்லை. இப்போது இடம் இருக்கிறது, பதிலுக்குச் சோக முகம் போட ஆளும் இருக்கிறது.

"நான் வந்து கேட்கறேன்" என்றாள் கல்லுமூஞ்சி. "உங்க செக்ரட்டரி சம்மதிக்கணும். நீங்க வீட்ல இருக்கக் கூடாது. உங்க மூஞ்சியைப் பார்த்தா அவனவன் உங்களுக்காகப் பேசுவான், இல்ல உங்க மேல இருக்கிற கோபத்துல பேசுவான்."

கண்ணாடிக்கடைக்காரர் உடனே சம்மதித்தார். கூட்டத்தில் யாரையும் வெளியே போ என்று சொல்லாமல் தப்பிக்க வழி கிடைக்காதா என்று அவரும் தவித்துக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை கல்லுமூஞ்சி வந்தாள். திருட்டு என்ற வார்த்தையையே அவள் எடுக்கவில்லை. வெளியே வைத்த பொருள் எதாவது காணாமல் போயிருக்கிறதா, பெயின்ட் அடித்ததற்கு முந்தின ஒரு வருஷத்திலா, பிந்தின ஒரு வருஷத்திலா என்று மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி கேட்டாள். பெயின்ட்தான் முக்கியம். ஜனங்களுக்குத் தேதி நினைவிருக்காது. எப்போதோ போன பொருளையும் நேற்றுப் போனதுபோல் சொல்வார்கள். பெயின்ட் நாற்றமும் அந்த ரகளையும் யாருக்கும் மறக்காது. "முன்னாடியா? இருங்க... பழைய சாம்பல் சுவர் பக்கம்தானே சைக்கிளை நிறுத்தியிருந்தேன். அப்ப முன்னாடிதான்!" என்று ஒரு பெரியவர் தனக்குத்தானே ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

அக்காவை வீட்டில் இருக்காதே என்றால் கேட்பாளா? வீட்டுக்காரரை மட்டும் கடைக்கு அனுப்பிவிட்டு, தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். கடைசியாக அவள் வீட்டு மணி அடித்தது. தம்பிதான் திறந்தான்.

"இந்த வீட்ல எதாவது காணாம போயிருக்கா?" கல்லுமூஞ்சியின் குரல்.

"என்கிட்டயா கேட்கறீங்க?"

"எல்லார்கிட்டயும்தான் கேட்கறேன்."

"என் குடை போச்சுங்க. பெயின்டுக்கு அப்புறம். வாசல்ல விரிச்சுக் காயவெச்சிருந்தேன், காலைல இல்லை. முதல் சம்பளத்துல வாங்கினது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"ஏன் சொல்லலை?"

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் அது. அக்கா சமையலறைக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் என் பொருளைக் காணோம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? அக்காகிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அக்கா இப்பல்லாம் அலமாரியைப் பூட்டி சாவியைக் கையோட எடுத்துட்டுப் போறாங்க. சரி, அவங்களுக்கும் அப்படித்தான் தோணுது போலன்னு விட்டுட்டேன்."

"சரி" என்றாள் கல்லுமூஞ்சி. "அடுத்தது" என்று சொல்ல அவளுக்கே சற்று நேரம் பிடித்தது.

அவள் போனதும் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தம்பி திடுக்கிட்டு எழுந்தான். "நீ வீட்லதான் இருந்தியா?"

"தப்புப் பண்ணிட்டேண்டா. உன்னை சந்தேகப்பட்டுட்டேன். என் புத்தியை செருப்பாலயே அடிச்சுக்கணும்."

"விடுக்கா. நான் உன் இடத்துல இருந்தா ரெண்டு பூட்டுப் போட்டிருப்பேன்" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், கண் கலங்கிவிட்டது. அக்கா அவன் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். போனில் யாரோடு ரகசியம் பேசுகிறான் என்று மட்டும் அவள் இன்றுவரை கேட்கவில்லை. கல்யாண வயசுப் பையன், யாரோடாவது பேசிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம். அக்கா தண்ணீர்த் தொட்டியோரம் வீட்டுக்காரர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லுமூஞ்சி யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை, மொத்தத்தை மட்டும் சொன்னாள்: பெயின்டுக்கு முன்னால் பதினொன்று, பின்னால் பத்து. "பழசு பாதி மறந்துபோயிருக்கும். அதனால முன்னாடி இதைவிட அதிகமாத்தான் இருந்திருக்கும்."

மாடியில் ஒரே சலசலப்பு. நம்ம வீட்டில் மட்டும்தான் போனது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்ப அந்தப் பையன் எடுக்கலைன்னு சொல்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதை நான் சொல்லலை. அவர் வந்ததால எதுவும் கூடலை. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பாவி, எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று அக்கா பல்லைக் கடித்தாள். ஆனால் கண்ணாடிக்கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அப்ப திருட்டு ஏறலை! நான் ஒரு குரூப் ஆரம்பிச்சேன், பேச்சு ஏறிடுச்சு. என்னைத்தான் முதல்ல வெளியே அனுப்பணும்! கேட்டுக்கு ஒரு நல்ல பூட்டைப் போடுங்கப்பா. அந்தப் பையன் இங்கேயே இருக்கட்டும்." போர்வையைப் பறிகொடுத்த வீட்டம்மா முதல் ஆளாக, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. அங்கேயே தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டாள். "லிப்ட் இல்லாத மாடியில உன்னை எப்படிடி இறக்குறது?" என்றார் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் தம்பியையும் குரூப்பில் சேர்த்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் சத்தம் போட்டது.

"வணக்கம். பெயின்டுக்கு அப்புறம் என் கறுப்புக் குடையும் காணோம். எடுத்தவங்க பார்த்து விரிங்க, ஒரு கம்பி உடைஞ்சிருக்கு, கண்ணுல குத்தும்."

அக்கா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று, ரெண்டு, மூன்று என்று சோக முகங்கள் வந்து விழுந்தன. அதன் கீழே போர்வைக்காரம்மா எழுதினாள்: "அடடா, உங்களுக்குமா போச்சு தம்பி?"