துண்டுக்கு அடியில் ஒன்பது

எண்ணூர் மணலில் இறால் காய வைத்துக் காய வைத்துப் பூவம்மாவின் பாதமே கருவாடாகிவிட்டது. அவித்து, பரப்பி, காக்கை விரட்டி, புடைத்தெடுத்தால் வாரத்துக்கு ஒரு மூட்டை தேறும். அதைக் கொழும்புக்கு அனுப்புகிறவர் மண்ணடி அப்துல் வஹாப். நடுவில் தரகர் தண்டபாணி.

தரகரும் வஹாப்பும் ஒரு துண்டுக்கு அடியில் கை கோத்து விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு மணங்கு எடைக்கு ஒரு ரூபாய். முகம் விலையைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று இருவரும் கடலைப் பார்ப்பார்கள். இறாலுக்குச் சொந்தக்காரி மட்டும் தள்ளி நிற்க வேண்டும், பிரசவ அறை வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி.

"இன்னா நைனா, இந்தத் தபாவும் ஆறுதானா?" என்று தரகரைக் கேட்டாள் பூவம்மா.

"கொழும்புல விலை வுழுந்துகினே கீது பூவம்மா. நான் இன்னா பண்றது?"

பதினோரு வருஷமாக விழுகிறது. அந்த விலைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை, பூவம்மாவின் கூரைதான் கிழிந்தது. ஐப்பசி மழைக்குள் கீற்று மாற்றியாக வேண்டும். ஆறு ரூபாய் விலைக்கு விற்றால் அரைகுறைக் கூரைதான் வரும்.

தண்டபாணி துண்டை விரித்தார். வஹாப் கையை நுழைத்துக் கடலைப் பார்த்தார். அந்த நேரம் ஒரு காக்கை மூட்டையில் மூக்கை வைக்க, தண்டபாணி கையை உருவிக்கொண்டு அதை விரட்டத் திரும்பினார். பூவம்மா தன் கையை உள்ளே விட்டாள்.

வஹாப் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். பிறகு நான்கு.

ஒன்பது!

"அடப்பாவி!" அவள் போட்ட கூச்சலில் காக்கை பறந்தது. வஹாப் துள்ளி எழுந்தார்.

"யா அல்லா! பொம்பள கையா?"

"இறால் அவிச்ச கை பாய்! இந்தக் கைக்கு எம்மாந்தரம்னு வாயத் தொறந்து சொல்லு!"

"ஒம்பது ரூபா. எப்பவும் அதுக்குக் கொறச்சு நான் குடுத்ததே இல்லையேம்மா."

"பொம்பள கை வெச்சா யாவாரம் விளங்குமா?" என்று தண்டபாணி முனகினார்.

"நீ கை வெச்சுதான் என் வூட்டுக்குள்ள பதினோரு வருசம் மழை பேஞ்சுது! தரகுக் காசும் தனியா வாங்கிகினியேடா கலீஜு!"

பின்னால் மூட்டையோடு நின்ற கெங்கம்மா முன்னே வந்தாள். "பாய், எனக்கும் வாயாலயே சொல்லு."

வஹாப் சத்தமாகச் சொன்னார். அதே ஒன்பது.

கூரைக்குக் காசு முழுசாக வந்தது. பூவம்மாவுக்கு ஆத்திரம் ஆறவில்லை. துண்டைச் சுருட்டித் தண்டபாணி மடியில் எறிந்தாள்.

"போன மூணு மூணு ரூபாயெல்லாம் எங்கய்யா?"

தண்டபாணி பழக்க தோஷத்தில் கடலைப் பார்த்தார்.