ஆளில்லாத தீவில் பதினோரு வீடு

அந்தத் தீவை நெருங்கும்போதெல்லாம் கேப்டன் குரலைத் தணித்துக்கொள்வார், தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி. “இங்க மனுஷங்க யாரும் இருந்ததே இல்ல. இந்த மணல்ல விழப்போற முதல் காலடி உங்களோடதுதான்” என்பார். விருந்தாளிகள் வாயைப் பிளப்பார்கள். கீழே, திரும்பினால் முழங்கை இடிக்கிற சமையலறையில், சமையல்காரி சிரிப்பை விழுங்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். அவள் பிறந்து வளர்ந்ததே அந்தத் தீவில்தான். தென்னைகளுக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம், பதினோரு வீடுகள். அதில் ஒன்று அவள் அண்ணனுடையது.

ஏற்பாட்டைச் செய்தவளும் அவள்தான். கட்டிய புருஷன் சரக்குக் கப்பலில் போனான். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. பெரிய தீவின் துறைமுகத்தில் மீன் சுத்தம் செய்து, ஓட்டலில் தட்டுக் கழுவி, கடைசியில் இந்த உல்லாசப் படகில் சமையலுக்கு ஏறினாள். ஆளில்லாத தீவுக்குக் கூட்டிப்போவதாகப் படகுக்காரர்கள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஆளில்லாத தீவுதான் அகப்படவில்லை. ஆளில்லாத இடத்தில் பவளப்பாறை வழிவிடாது. வழிவிடுகிற இடத்தில் எவனாவது ஒருவன் வலை காயப்போட்டிருப்பான். கேப்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது இவள் விளையாட்டாகச் சொன்னாள்: “எங்க தீவுல ஆளு இருக்கு சார். ஆனா சொன்னா ஒளிஞ்சுக்குவாங்க.”

கேப்டன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முனையைச் சுற்றிப் படகின் பாய் தெரிந்ததும் ஊர்க்காரர்கள் அடுப்பை அணைக்க வேண்டும். கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும். நாய்களைக் கட்டி, பிள்ளைகளை உள்ளே தள்ளி, படகுகளைத் தென்னை ஓலைக்கு அடியில் இழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு ஒவ்வொரு முறையும் அரிசி மூட்டையும் டீசலும் பாறைக்குப் பின்னால் வந்து இறங்கும்.

“நல்லாத்தான் பேசி முடிச்சிருக்கே, நாத்தனாரே. வயித்துக்குப் போடுறாங்க, ஆனா உயிரோட இருக்கக் கூடாதுங்குறாங்க” என்று அண்ணி குத்துவாள்.

“ஒரு பகல்தானே அண்ணி? நல்லாத் தூங்குங்க.”

ஒருமுறை சேவல் ஒன்று கட்டுக்கு அடங்காமல் கூவிவிட்டது. அரிய வகைக் காட்டுப் பறவை என்று கேப்டன் கூசாமல் சொன்னார். அதைப் படம் பிடிக்க ஒரு பெரியவர் மாலை வரை புதரோரம் பதுங்கியிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லிப் பதினோரு வீடும் சிரித்தது. ஆனால் இன்னொரு முறை, விருந்தாளிகள் குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் படகை இறக்கிவிட்டான். பாறைக்கு நடுவே கடலுக்குப் போகும் வழி அந்த மணல்கரைக்கு எதிரே மட்டும்தான். எல்லார் கண்ணிலும் பட்டான். அதன் பிறகு கேப்டன் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அரிசியும் வரவில்லை. இவள் அண்ணனிடம் போய் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். “இன்னொரு தடவை அவங்க இருக்கிறப்ப படகை எடுத்தே, எனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சுக்குவேன்.” அண்ணன் அதிகம் பேசாதவன். தலையை ஆட்டினான்.

அன்றைக்குப் படகில் வந்தவர்கள் இரண்டு ஜோடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பெரிய படகைத் தள்ளி நிறுத்திவிட்டு, சின்ன மோட்டார் படகில் கரைக்கு வந்திருந்தார்கள். மணலில் விரிப்புப் போட்டு, இவள் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். புது மாப்பிள்ளை மேட்டைக் காட்டினான்.

“அது என்ன, புகையா?”

தென்னைகளுக்கு மேலே மெல்லிசாக ஒரு சாம்பல் இழை.

“புகை எங்க சார் இங்க? வெயில் ஏறினா ஈர மண்ணுல ஆவி கிளம்பும்” என்றார் கேப்டன்.

“ஆமா சார், ஆவிதான்” என்றாள் இவளும். சொன்ன பிறகுதான் இடத்தைக் கவனித்தாள். அண்ணன் வீட்டுப் பக்கம். சொன்ன சொல் தவறாதவன் வீட்டில் நட்டநடுப் பகலில் அடுப்பு எரிகிறது.

எலுமிச்சை பறித்து வருவதாகச் சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள். கண்ணுக்கு மறைந்ததும் ஓடினாள்.

அண்ணி கொதிக்கிற பானைக்கு முன்னால், மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து ஆவி பிடிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுக்காரி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. உதடு வெளுத்து நீலம் பாரித்திருந்தது.

“எப்பலேருந்து?”

“காலையிலேருந்து. நீங்க வந்து நங்கூரம் போட்ட நேரம்.”

அண்ணன் வாசலில் குந்தி, தென்னை இடுக்கு வழியாகக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துடுப்பு தயாராக இருந்தது.

“என்னண்ணா உக்காந்திருக்கே? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதுதானே?”

“அவங்க சாப்பிட்டுப் படகுக்குத் திரும்பிடுவாங்கல்ல, அப்ப கிளம்பலாம்னு. நீதானே சொன்னே, அவங்க இருக்கிறப்ப எடுக்காதேன்னு.”

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. மருமகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். “நாலு மணிக்குத்தான் போவாங்க. வா” என்றாள்.

வந்த பாதையில் ஓடவில்லை. நேராகத் தென்னைகளுக்கு நடுவே கரைக்கு இறங்கினாள். பின்னால் அண்ணன், அவனுக்குப் பின்னால் செருப்பில்லாமல் அண்ணி, கட்டு அவிழ்த்துக்கொண்ட நாய் ஒன்று. விருந்தாளிகள் எழுந்து நின்றார்கள்.

“யார் இவங்க? இங்க யாரும் இல்லன்னுதானே சொன்னீங்க?” என்றான் புது மாப்பிள்ளை.

“என் அண்ணன் பொண்ணு சார். நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்.” பிறகு கேப்டனைப் பார்த்து, “மோட்டார் படகை எடுங்க” என்றாள். அவரிடம் அவள் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

கேப்டன் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. குழந்தையின் உதட்டைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவரே தண்ணீரில் இறங்கி நங்கூரக் கயிற்றை அறுத்தார். ஓய்வு பெற்றவரின் மனைவி தன் துண்டை அண்ணியின் தோளில் போட்டாள்.

வழியெல்லாம் அலை அடித்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேப்டன் கத்தினார்: “உன் அண்ணனுக்கு மூளை இருக்கா? ஓடி வந்து கூப்பிட வேண்டியதுதானே?”

“ஒளிஞ்சிருன்னு சொன்னது நாம சார்.”

கேப்டன் வேகத்தைக் கூட்டினார்.

பெரிய தீவு ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டிக் காற்றுக் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மருமகள் பிழைத்தாள்.

ஏற்பாடு பிழைக்கவில்லை. புது மாப்பிள்ளை ஊருக்குப் போய்ப் படகுக்காரர்களோடு சண்டை போட்டான். சமையல்காரிக்கு வேலை போனது. அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பாறைக்குப் பின்னால் ஒன்றும் வந்து இறங்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டுக்காரி அவள் காதில் விழும்படியே சொன்னாள்: “ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டிச்சு. இப்ப பதினோரு வீட்டுக்கும் முட்டுது.”

“உன் பிள்ளைக்கு முட்டியிருந்தா இப்படிப் பேசுவியாடி?” என்று அண்ணி உள்ளேயிருந்து கத்தினாள். அந்தப் பெண் சொன்னதிலும் பொய் இல்லையே என்று சமையல்காரிக்கு உறுத்தியது.

மழைக்காலம் முடிந்ததும் கேப்டன் தனியாக மோட்டார் படகில் வந்தார். கரையில் அவள் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி அண்ணன் வலை உலர்த்திக்கொண்டிருந்தான்.

“குட்டி எப்படி இருக்கா?”

“ஓடுறா.”

“வேற ஒரு தீவு பாத்திருக்கேன், வடக்கால. நாலே வீடு. தயங்குறாங்க. நீ வந்து பேசினா கேப்பாங்க. உன் பழைய வேலையும் உனக்குத்தான். இங்கேயும் முன்ன மாதிரி அரிசி இறக்கிடறேன்.”

கத்தி நின்றது. “அங்க பிள்ளைங்க இருக்கா?”

“இருக்கும். நான் எண்ணிப் பாக்கல.”

“வரேன் சார். ஆனா பிள்ளைக்கு முடியலன்னா அந்த நிமிஷமே கரைக்கு ஓடி வரணும்னுதான் முதல்ல சொல்லுவேன். விருந்தாளி குளிச்சாலும் சரி, சாப்பிட்டாலும் சரி.”

கேப்டன் கடலைப் பார்த்தார். கெட்டவரில்லை அவர், களைத்துப்போனவர். “அப்படிச் சொன்னா யாரும்மா ஒளிவாங்க? விடு, நானே பேசிக்கிறேன்.”

படகு வடக்கே திரும்பியது. அந்த நாலு வீட்டிலும் வாய் சாமர்த்தியமான ஒருத்தி இருப்பாள். அவள் வீட்டில் அரிசிப் பானை காலியாகியிருக்கும். சமையல்காரி கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணா, எஞ்சின்ல டீசல் இருக்கா?”

“போக இருக்கும். வர இருக்காது.”

“வரப்ப துடுப்புப் போட்டுக்கலாம்.”

அண்ணன் அவளையும் வடக்கே போகிற படகையும் மாறி மாறிப் பார்த்தான். “அவங்களும் பட்டினி கிடக்கிறவங்கதான். நீ சொல்லிக் கேப்பாங்களா?”

“தெரியல. கேக்காம போனாலும் போகட்டும், தெரியாம ஒத்துக்கக் கூடாது.”

அவன் துடுப்பை எடுத்துப் படகில் போட்டான். பட்டப்பகலில், கரை பார்க்க, இரண்டு பேருமாகப் படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள்.