கொதிதண்ணீரில் கரைந்த கிறீஸ்

நேற்று சைக்கிள் கடைக்காரர் கிறீஸ் டப்பாவைத் திறந்ததும், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இப்போது இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டின் பின்பக்கக் கராஜ் அந்த வாசத்தோடு வந்து நின்றது. கீழ்வீட்டு மிஷேல் அங்கிள், இராணுவம் கழித்துவிட்ட பழைய ரஷ்யத் துவக்கு ஒன்றை வாங்கிவந்திருந்தார். பாகுபோல் இறுகிய கிறீஸில் சிக்கிக்கிடந்த அதன் குண்டேற்றும் கைப்பிடியைக் கழற்றி, கொதிதண்ணீர் ஊற்றி, துடைத்து, எண்ணெய் பூசி, 'கிளக்' என்று பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றுவதிலேயே அவருடைய சனிக்கிழமைகள் போகும். அந்தக் 'கிளக்' கேட்டால் மேலே அம்மாவின் கை ஒரு கணம் வேலையை நிறுத்தும். நான் ஒவ்வொரு துண்டாகக் காட்டி, இது என்ன, இது எதற்கு என்று பிரெஞ்சில் கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார்.

ஒருநாள் அவர் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் பழுதாகிவிட, அம்மா எங்களுடையதைக் கொண்டுவந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "இது ஆரையும் சுட்டதோ எண்டு கேள் பிள்ளை" என்றார்.

கேட்டேன். எல்லாத் துண்டுக்கும் பதில் வைத்திருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாது" என்றார்.

மாலையில் கேத்தல் பளபளவென்று திரும்பி வந்தது. அதில் அம்மா பிறகு தேத்தண்ணீர் வைக்கவேயில்லை.